வழக்கில் சிக்கிய உடைமையைத் திரும்பப் பெறுதல்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



காலை முதல் குடிநீரைப் பற்றியும், வீட்டு வரியைப் பற்றியும், தெரு விளக்குகளைப் பற்றியும் அன்பர்கள் பலர் தங்களுக்கு எடுத்துரைத்தனர். உண்ட களைப்பு நீங்காத இந்தப் பிற்பகல் வேளையில், நமது அலுவலுக்குச் சற்றும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு பொருளைப் பற்றிப் பேச நான் எழுந்து நிற்கிறேன். வழக்குகளில் போலீஸார் கைப்பற்றும் உடைமைகள், வழக்கு விடுதலையில் முடிந்த பிறகு உரியவரிடம் எவ்வாறு திரும்ப வந்து சேரும் என்பதே அது. வளர்ச்சி அலுவலருக்கும் போலீஸ் நிலையக் கிடங்கிற்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தினால் ஒரு விவசாயியின் கோடைப் பயிர் கருகிப் போயிற்று. ஆதலின் அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்னர் நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், இரு பங்காளிகளுக்கு அடுத்தடுத்து நிலம் இருந்தது. ஒருவருடைய கிணற்றிலிருந்து 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று களவு போயிற்று. சில நாட்களில் மற்றவருடைய கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் ஓடுவதைக் கண்டு, அது தம்முடையதே என்று அவர் புகார் கொடுத்தார். போலீஸார் வந்து மோட்டாரைக் கழற்றி எடுத்துச் சென்றனர். தாம் அதனை வெளியூரில் பழைய சாமான் கடையில் விலை கொடுத்து வாங்கியதாக எதிரி சொன்னார். ஆனால் கையில் ரசீது இல்லை. நம்மில் எத்தனை பேர் பழைய மோட்டாருக்கு ரசீது வாங்குகிறோம்? வழக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இறுதியில், குற்றம் ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று கூறி மாஜிஸ்ட்ரேட் அவரை விடுதலை செய்தார்.

விடுதலை பெற்ற அவர், மோட்டாரைக் கேட்டுப் போலீஸ் நிலையம் சென்றார். கோர்ட்டு உத்தரவு கொண்டு வரும்படி சொன்னார்கள். நீதிமன்றம் சென்றார். தீர்ப்பின் நகலுக்கு மனுப் போடும்படி யாரோ சொன்னார்கள். எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வழக்கு நடத்திய வக்கீலோ வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். பல மாதங்கள் இவ்வாறு அலைந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை என் அறைக்கு வந்தார். நான் அவருடைய காகிதத்தை வாங்கிப் படித்துங்கூடப் பார்க்கவில்லை. "பெரியவரே, இது போலீஸ் விஷயம். யூனியன் ஆபீஸில் இதற்கு வழியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "சரிங்க ஐயா" என்று காகிதத்தை மடித்துத் துண்டில் முடிந்துகொண்டு அவர் போனார்.

சித்திரை மாதத்தில் ஒரு தடுப்பணை வேலையை அளவெடுக்க அவ்வூருக்குச் சென்றேன். வரப்பு வழியே நடந்தபோது, ஒரு கத்தரித் தோட்டம் பாதிக்கு மேல் காய்ந்து கிடந்தது. ஓர் அம்மாள் குடத்தில் நீர் சுமந்து செடிக்குச் செடி ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் மணிக்கணக்கில் தண்ணீர் விலைக்கு வாங்கிப் பாய்ச்சியதாகவும், இனிக் கொடுக்கப் பணமில்லை என்றும் உடன் வந்தவர்கள் சொன்னார்கள். அத்தோட்டத்திற்கு உரியவர் அந்தப் பெரியவரே. என்னைக் கண்டதும் ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், மோர் கொண்டு வந்து கொடுத்தார். அந்த மோரைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமான ஒரு வக்கீலிடம் சென்றேன். அவர் நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் பிரதியைப் பெற்றுத் தந்தார். அதன் கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருந்தது என்று நினைக்கிறீர்கள்? சான்றுப்பொருளாகிய மோட்டாரை, மேல்முறையீட்டுக் காலம் கழிந்த பின் எதிரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது! பதினான்கு மாதங்களாக அந்த உத்தரவு கோப்பில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆளில்லாத ஒரே காரணத்தால் தோட்டம் காய்ந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. எஞ்சியதைப் பிறகு சொல்கிறேன். இப்பொழுது சட்டத்திற்கு வருவோம்.

முதலில் நாம் மனத்திற்கொள்ள வேண்டியது யாதெனில், போலீஸார் கைப்பற்றிய பொருள் அவர்களுடைய பொறுப்பில் இருந்தாலும் அவர்களுடைய அதிகாரத்தில் இல்லை என்பதாகும். கைப்பற்றியவுடன் அதனை மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். அதன் பிறகு அப்பொருளைக் கொடுப்பதும், வைத்திருப்பதும், அழிப்பதும் நீதிமன்றத்தின் சொற்படியே நடக்கும். இடமின்மையால் கனமான பொருள்களை நீதிமன்றம் போலீஸ் நிலையத்திலேயே வைத்திருக்கச் சொல்வதுண்டு. ஆகவே நிலைய அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நீதிமன்ற உத்தரவின்றிப் பொருளைத் தர அவரால் இயலாது. தந்தால் அவர் மேல் குற்றம் வரும். அவரிடம் சென்று மன்றாடுவதும் சச்சரவு செய்வதும் வீண்.

இரண்டாவதாக, மனிதனுக்குக் கிடைக்கும் விடுதலை வேறு, பொருளுக்குக் கிடைக்கும் விடுதலை வேறு. இரண்டும் ஒரே தீர்ப்பில் எழுதப்படலாம், ஆயினும் இரண்டும் தனித்தனி உத்தரவுகளே. விசாரணை முடிந்ததும் பொருளை என்ன செய்வது என்று ஆணையிடும் அதிகாரம் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 517-ஆவது பிரிவில் இருந்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 452-ஆவது பிரிவாயிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 498-ஆவது பிரிவாக அது அமைந்துள்ளது. எண்கள்தாம் மாறின. விஷயம் பெரும்பாலும் அதுவே. பழைய வழக்குகளின் தீர்ப்பில் 452 என்றும், புதியவற்றில் 498 என்றும் காணப்படும். குழம்ப வேண்டாம்.

விடுதலைத் தீர்ப்பு வந்த அன்றே செய்ய வேண்டிய காரியம், நகலுக்கு விண்ணப்பிப்பது. நகல் வந்ததும் அதன் இறுதிப் பகுதியைப் படித்துப் பாருங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொருளைத் தங்களிடம் தரும்படி உத்தரவு இருக்குமானால், அந்த நகலை இணைத்து அதே நீதிமன்றத்தில் ஒரு மனுக் கொடுக்க வேண்டும். பொருளைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. அப்பொழுதும் அதே நீதிமன்றத்தை அணுகி, மேற்சொன்ன பிரிவின் கீழ் உத்தரவு வேண்டலாம். பொருள் எதிர்த்தரப்பாருக்கு என்று எழுதியிருந்தால், அவ்வுத்தரவின் மேல் தனியாக மேல்முறையீடு செய்ய 500-ஆவது பிரிவு வழி தருகிறது. அதற்குக் காலவரம்பு உண்டாதலின் தாமதிக்காமல் வக்கீலைக் காண வேண்டும்.

இங்கே விவசாயிகள் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பொருளைக் கொடுக்கும்படி உத்தரவானாலும், இரண்டு மாதம் வரையில் அது நிறைவேற்றப்படமாட்டாது. மேல்முறையீடு செய்யப்பட்டால் அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். இது பொது விதி. ஆனால் இவ்விதிக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. பொருள் கால்நடையாக இருந்தாலும், விரைவில் கெட்டழியும் தன்மையுடையதாக இருந்தாலும், காத்திருக்க வேண்டியதில்லை. மற்றப் பொருள்களுக்கும், மேல்முறையீட்டில் உத்தரவு மாறினால் பொருளைத் திரும்ப ஒப்படைப்பேன் என்று ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்து, நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டால், இரண்டு மாதம் காத்திராமல் பெற்றுக்கொள்ளலாம். நடவுக் காலத்தில் இரண்டு மாதம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இந்த ஜாமீன் பத்திர வழியைக் கேட்டுப் பெறுகிறவர்கள் மிகச் சிலரே.

இனி, விடுதலை பெற்றவருக்கே பொருள் சேருமா என்பது கேள்வி. பெரும்பாலும் சேரும். ஐயமில்லாமல் எதிரியின் கைவசமிருந்து எடுக்கப்பட்டு, அவருக்கே உரியதாயிருக்கும் பொருளை, அவர் விடுதலையான பின் அவரிடமே திருப்பித் தருவதுதான் முறை என்றும், அம்முறையிலிருந்து எளிதில் விலகலாகாது என்றும், கேரளத்திலிருந்து வந்த ஒரு துப்பாக்கி வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் விடுதலை என்பது சொத்துரிமைப் பத்திரம் அன்று. குற்றவாளி இவர்தான் என்று நிரூபிக்கப்படாவிட்டாலும், நகை புகார்தாரருடையது என்பது நன்கு விளங்கினால், எதிரி அதற்கு உரிமை கோராதபோது, நீதிமன்றம் அதனைப் புகார்தாரருக்கே கொடுக்கலாம். திருட்டுக் கொடுத்தவர்களும் நம் ஊர் மக்கள்தாமே! எதிரி விடுதலையாகிவிட்டான், இனி என் நகை போயிற்று என்று அவர்களும் கைவிட்டுவிடக் கூடாது. இரு தரப்பாரும் உரிமை கொண்டாடினால், குற்றவியல் நீதிமன்றம் தீர்மானிப்பது யார் வசம் இருக்கலாம் என்பதை மட்டுமே. இறுதி உரிமையைச் சிவில் நீதிமன்றமே முடிவு செய்யும். நான் சொன்ன மோட்டார் வழக்கில் பங்காளி சிவில் வழக்குத் தொடர்ந்திருக்கலாம். அவர் தொடரவில்லை. அதன் காரணம் அவருக்கே தெரியும்.

விடுதலைக்குப் பின் என்ன செய்வது என்று இதுவரை சொன்னேன். உண்மையில், விடுதலை வரும் வரை காத்திருப்பதே முதல் தவறு. வழக்கு நடக்கும்போதே பொருளை இடைக்காலமாகப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று, குஜராத்திலிருந்து வந்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியது மிக முக்கியமானது. போலீஸ் காவலில் இருந்த வழக்குப் பொருள்களை மாற்றி வைத்ததாகவும், அனுமதியின்றி ஏலம் விட்டதாகவும், போலீஸ்காரர்கள் மேலேயே குற்றம் சாட்டப்பட்ட வழக்கு அது என்பது ஒரு வேடிக்கை. பொருள்களைப் போலீஸ் நிலையத்தில் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று அதில் சொல்லப்பட்டது. பொருளின் விவரத்தை முறையாக எழுதி, புகைப்படம் எடுத்து, தேவைப்படும்போது கொண்டுவருவதாக ஜாமீன் பத்திரம் பெற்றுக்கொண்டு, உரியவரிடம் கொடுத்துவிடலாம். பிற்பாடு விசாரணையில் பொருளுக்குப் பதிலாக அந்தப் படமே சாட்சியமாகும். வாகனங்களை நிலைய வாசலில் வெகுகாலம் நிறுத்தி வைப்பதால் எவ்விதப் பயனும் இல்லை என்றும் நீதிபதிகள் கூறினார்கள்.

புதிய சட்டத்தின் 497-ஆவது பிரிவு இதனை இன்னும் இறுக்கிச் சொல்கிறது. பொருள் தன் முன் வைக்கப்பட்ட 14 நாட்களுக்குள் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். படமோ காணொளியோ எடுக்கப்பட வேண்டும். அதன் பின் 30 நாட்களுக்குள், கொடுப்பதா, விற்பதா, அழிப்பதா என்று உத்தரவிட வேண்டும். இச்சட்டத்தை அறிந்தபின்பும் உங்கள் ஊர் டிராக்டர் ஒன்று போலீஸ் நிலையத்து வேப்பமரத்தடியில் மூன்று மழையில் நனைந்து துருப்பிடிக்குமானால், பாதித் தவறு கேட்காத நம்முடையதே. டயர் வெடித்து, பாட்டரி செத்து, எலி கம்பிகளைக் கடித்த பின்பு கிடைக்கும் வண்டியால் ஏர் உழ முடியுமா?

கால்நடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் மாடு கைப்பற்றப்பட்டால், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி மாஜிஸ்ட்ரேட் அதனைக் கோசாலை போன்ற இடத்தில் விடச் சொல்லலாம். தீவனத்திற்கும் வைத்தியத்திற்கும் ஆகும் செலவு உரியவர் தலையில் விழக்கூடும். நாள் ஆக ஆகச் செலவும் ஏறும். ஆதலால் மாட்டு விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வாகனங்களில் மற்றொரு சிக்கல். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம், சந்தன மரம் போன்ற வனப்பொருள்களைப் பற்றிய வனச் சட்டம் ஆகியவற்றின் கீழ், வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு வெளியே தனி அதிகாரி ஒருவரிடமும் இருக்கிறது. அவர் அனுப்பும் அறிவிப்பைப் பெட்டியில் போட்டுவிட்டுக் குற்ற வழக்கை மட்டும் நடத்திக்கொண்டிருந்தால், வழக்கில் விடுதலை கிடைக்கும், வண்டி ஏலம் போயிருக்கும். அறிவிப்புக் கிடைத்த உடனே பதில் கொடுக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில், மாடுகளை ஏற்றிச் சென்றதாகப் பிடிபட்ட ஒரு லாரி, வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையான பின்பும் பறிமுதல் செய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதனை ரத்து செய்து, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் 300-ஏ பிரிவை நினைவூட்டியது. உரிமை நிலைத்தது உண்மை. ஆனால் ஒரு லாரிக்காரர் டில்லி வரை போக வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

காவலில் இருக்கும்போதே பொருள் தொலைந்தால், அல்லது கெட்டுப்போனால் என் செய்வது? இதில் நம் நாட்டுச் சட்டம் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பரில் மீரட் நகருக்குத் தங்கமும் வெள்ளியும் விற்க வந்த ஒரு வியாபாரியைப் போலீஸார் ஐயத்தின் பேரில் பிடித்து, பொருள்களைக் கைப்பற்றினர். அவரை விட்டுவிட்டார்கள். வெள்ளியும் திரும்பியது. நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தை மட்டும் அதைக் காவல் காத்த தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்! வியாபாரி அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர் பெற்ற இதில், போலீஸார் செய்தது அரசின் ஆட்சியதிகாரப் பணி, ஆதலால் அரசு நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அத்தீர்ப்பைக் கூறிய நீதிபதிகளுக்கே அது மனநிறைவு தரவில்லை. இதற்குச் சட்டம் இயற்றப்பட வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், மைசூர் ராஜ்யத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் காற்று திசை மாறியது. ஓர் அம்மாளின் களவு போன நகைகளைப் போலீஸார் மீட்டனர். மீட்ட நகைகள் போலீஸ் காவலில் இருந்தபோது காணாமற்போயின. போதிய பாதுகாப்புச் செய்ததாக அரசு நிரூபிக்காதபோது, நகைக்குப் பதில் அதன் மதிப்பைக் கொடுக்கும்படி குற்றவியல் நீதிமன்றமே ஆணையிடலாம் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது வழக்கு நமக்கு மிக நெருங்கியது, ஏனெனில் அது உரத்தைப் பற்றியது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு வியாபாரியின் உர மூட்டைகளும் தானியமும் அத்தியாவசியப் பண்டச் சட்டத்தின் கீழ் கைப்பற்றப்பட்டன. உரத்தை விவசாயிகளுக்கு வினியோகிக்கும்படி ஒரு விவசாய அதிகாரியிடம் ஒப்படைத்தனர். அவர் ஒன்றும் செய்யவில்லை. சரக்குக் கெட்டுவிடும் என்று வியாபாரி எழுதியும் பயனில்லை. 1976-இல், ஒரு பகுதி நீங்கலாக மற்றவற்றைத் திருப்பித் தரும்படி கலெக்டர் உத்தரவிட்டார். சென்று பார்த்தால் சரக்கு அளவிலும் குறைந்து, தரத்திலும் கெட்டிருந்தது. 1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அதிகாரிகளின் அசட்டையால் நேர்ந்த இந்த நஷ்டத்திற்கு அரசு பொறுப்பு என்று கூறியது. கிடைத்தது நீதிதான். ஆனால் உரம் கைப்பற்றப்பட்டபோது பிறந்த குழந்தைக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. ஓர் அரசு அலுவலன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பை வெட்கத்துடனேயே படித்தேன். என் சக அலுவலர் ஒருவர் தம் பொறுப்பிலிருந்த மூட்டைகளை ஒரு முறை சென்று பார்த்திருந்தால் போதும்.

இனி, அந்த மோட்டாரின் எஞ்சிய கதை. நீதிமன்ற உத்தரவுடன் நாங்கள் போலீஸ் நிலையம் சென்றோம். நிலைய அதிகாரி மரியாதையுடன் கிடங்கைத் திறந்து காட்டினார். அங்கே மூன்று பழைய மோட்டார்கள் கிடந்தன. சீட்டுகளைக் கறையான் தின்றிருந்தது. மகஜரை எடுத்துப் பார்த்தோம். "பழைய மின் மோட்டார் ஒன்று" என்று எழுதியிருந்தது. குதிரைத்திறன் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை, எண் இல்லை. மூன்றும் பழையவை. மூன்றும் மின் மோட்டார்கள்! அதிகாரி எதை எடுத்துக் கொடுப்பார்? பெரியவர் ஒன்றைக் காட்டினார். அவர் சொல்லை மட்டும் நம்பிக் கொடுக்க அதிகாரிக்குத் தயக்கம். அதில் குற்றம் இல்லை. அப்பொழுதுதான், மகஜரில் சாட்சிக் கையெழுத்திட்டவர் அவ்வூர்ப் பஞ்சாயத்து அங்கத்தினர் என்பதைக் கண்டோம். அவரை வரவழைத்தோம். அன்று மோட்டாரைத் தூக்கி வண்டியில் ஏற்றக் கை கொடுத்தவர் அவரே. ஒரு கால் உடைந்து பற்றவைத்திருந்த அடையாளம் அவருக்கு நினைவிருந்தது. அந்த ஒரு மனிதரின் நினைவினால் மோட்டார் வீடு வந்தது. உள்ளே கம்பிச் சுற்று முழுவதும் பச்சைப் பாசி பிடித்திருந்தது. புதிதாகக் காயில் கட்டித்தான் ஓட்டினார்கள்.

ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்களாகிய நீங்கள், இந்த உரையில் வேறெதை மறந்தாலும், மகஜரை மறக்க வேண்டாம். ஊரில் சோதனை நடந்தால் போலீஸார் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரையும் உங்களைப் போன்றவர்களையுமே. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். மோட்டாராயின் குதிரைத்திறன், கம்பெனி, எண். வண்டியாயின் பதிவு எண், எஞ்சின் எண், டயர்களின் நிலை. நகையாயின் எடையும் வேலைப்பாடும். மாடாயின் நிறம், கொம்பு, சுழி, காதுத்தோட்டின் எண் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையாயின் எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். சோதனை நடந்த வீட்டாருக்குப் பட்டியலின் நகல் தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். புதிய சட்டத்தின் 105-ஆவது பிரிவின்படி, சோதனையையும், பட்டியல் எழுதிக் கையெழுத்திடுவதையும் கைப்பேசி போன்ற கருவியினால் படம்பிடித்து மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்ப வேண்டும். பொருளின் அடையாளம் அந்தப் படத்தில் தெளிவாக விழும்படி எடுத்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

பணம் கைப்பற்றப்பட்டால் தொகையை மட்டும் எழுதினால் போதாது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டபோது, நீதிமன்றங்களிலும் போலீஸ் காவலிலும் இருந்த நோட்டுகளின் கதி என்ன என்ற பிரச்னை எழுந்தது. 2017-இல் அரசாங்கம் தனி விதிகள் செய்து, உரியவர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி அவற்றை மாற்றிக்கொள்ள இடமளித்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கைப்பற்றிய அதிகாரிகள் நோட்டுகளின் வரிசை எண்களைக் குறித்திருக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவிலும் அவ்வெண்கள் இருக்க வேண்டும். எண்களைக் குறிக்காத மகஜர் ஒன்று, ஒரு குடும்பத்தின் மாடு விற்ற பணத்தை வெறுங்காகிதமாக்கிவிடக்கூடும்.

உரிமை கோர யாருமே வராத பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கு விசாரணைக்கே வராதபோது, உரியவர் யாரென்று தெரியாவிட்டால், மாஜிஸ்ட்ரேட் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதத் தவணை கொடுப்பார். அதற்குள் எவரும் வந்து உரிமையை நிலைநாட்டாவிட்டால் பொருள் மாநில அரசின் வசமாகிவிடும். நீதிமன்றத்திலிருந்தோ போலீஸ் நிலையத்திலிருந்தோ இத்தகைய அறிவிப்பு உங்கள் ஊருக்கு வந்தால், அதைத் தகவல் பலகையில் ஒட்டுவதோடு நில்லாமல் ஊராரைக் கூட்டிப் படித்துக் காட்டுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பவர்களுக்கு வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், குறிப்பிட்ட வருமானத்திற்கு உட்பட்டவர்களுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். பொருளை மீட்கும் மனுவும் அவர் போடக்கூடிய மனுவே.

நண்பர்களே! இந்தக் கூட்டம் கலைந்தபின் தேநீருக்கு முன்பாக ஒரு காரியம் செய்வோம். வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். உங்கள் கிராமத்தில் வழக்கு முடிந்தும் வண்டி, மோட்டார், நகை, ஆடு மாடு, நிலப் பத்திரம் எதுவாயினும் திரும்பாதவர்கள் இருந்தால், அவர்கள் பெயரையும், வழக்கு எண் தெரிந்தால் அதனையும் அதில் எழுதுங்கள். எண் தெரியாவிட்டால் போலீஸ் நிலையத்தின் பெயரும் ஆண்டும் போதும். வரும் திங்கட்கிழமை சட்டப் பணிகள் குழுவின் வக்கீல் நமது அலுவலகத்திற்கு வர இசைந்திருக்கிறார். தீர்ப்பின் நகல் இருப்பவர்கள் அதனையும், இல்லாதவர்கள் வெறுங்கையுடனும் காலை பத்து மணிக்கு வரலாம். அன்று நான் வெளியூர் முகாம் செல்லவில்லை, அறையிலேயே இருப்பேன்.